பேருந்துப் படிக்கும் நிழற்குடைக்கும் இடையில் இருக்கும் நான்கடி: நம் கடற்கரை ஊர்களின் தெருக்கள் பற்றி

கேணிக்கரைக்காரன்

சென்ற மாதம் என் தாயார் நகரப் பேருந்திலிருந்து இறங்கும்போது, பேருந்துக்கும் நிழற்குடைக்கும் நடுவே இடப்பக்கமாகப் புகுந்து வந்த ஓர் இருசக்கர வண்டி மோதி, அவருடைய கணுக்கால் எலும்பு முறிந்தது. எந்த நிறுத்தம், எந்த வழித்தடம் என்று நான் எழுதப்போவதில்லை, ஏனென்றால் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எந்த ஊரில் இறங்கினாலும் இது நடக்கக்கூடியதுதான். நிழற்குடைக்கு முன்னால் ஷேர் ஆட்டோக்கள் நின்றிருந்தன. அதனால் ஓட்டுநர் பேருந்தைச் சாலையின் உள்பக்கமாக, நான்கடி தள்ளி நிறுத்தினார். பின்னால் வந்த பையனுக்கு வலப்பக்கம் எதிரே லாரி வந்ததால், இடப்பக்கம் திறந்து கிடந்த அந்த நான்கடி வழியாகத் தெரிந்தது. அவன்தான் அம்மாவைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கும் கூடவே வந்தான். நடந்ததைப் பலமுறை நினைத்துப் பார்த்த பிறகும், அந்தப் பையன்மீதோ பேருந்து ஓட்டுநர்மீதோ ஆட்டோக்காரர்கள்மீதோ எனக்குக் கோபம் வரவில்லை. அந்த நான்கடியை அப்படியே விட்டுவைத்திருக்கும் தெருவின் அமைப்பின்மீதுதான் கோபம் வருகிறது.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்றும், அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள் என்றும் மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர் இறந்தார்கள். என் தாயாரைப் போல எலும்பு முறிந்து வீட்டில் கிடப்பவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

தலைக்கவசம், அபராதம், குடித்துவிட்டு ஓட்டுவது ஆகியவை பற்றி ஏற்கெனவே நிறையப் பேசப்பட்டிருக்கிறது. நான் கேட்பது வேறு. நம் இராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை ஊர்களில் பெரும்பாலானோர் நடந்தும் மிதிவண்டியிலும் பேருந்திலும்தான் போகிறோம். அப்படியிருக்க, நம் தெருக்களை யாருடைய காலடியை வைத்து அளந்து போட்டிருக்கிறார்கள், அதை எப்படி மாற்றுவது? விவரம் அறிந்தவர்கள் எழுதுங்கள்.

மண்டபம் வடகரை

அம்மா விரைவில் நலம் பெறட்டும், தம்பி. ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தியதிலிருந்து 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்படும் வரை, இராமேசுவரம் செல்லும் ரயில்கள் பலவும் எங்கள் ஊரோடு நின்றுவிட்டன. இரண்டேகால் ஆண்டு, காலையிலும் மாலையிலும் மூட்டை முடிச்சுகளோடும் குழந்தைகளோடும் முதியவர்களோடும் ஆயிரக்கணக்கானோர் நிலையத்திலிருந்து நெடுஞ்சாலைக்கு நடந்துபோய்ப் பேருந்தோ வேனோ பிடித்ததை நான் தினமும் பார்த்தேன். தண்டவாளத்திலும் பாலத்திலும் கோடிக்கணக்கில் செலவாகும் ஒரு பயணம், கடைசி இருநூறு மீட்டரில் வெயிலிலும் புழுதியிலும் வண்டிகளுக்கு நடுவிலும் நடப்பதாகத்தான் முடிகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பழைய சாலைக்காரர்

நெடுஞ்சாலைப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், கேணிக்கரைத் தம்பி சொல்லும் நான்கடியை எங்களைப் போன்றவர்களே உருவாக்கினோம் என்று ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன்.

நெடுஞ்சாலையில் வண்டிகள் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது, நின்றிருக்கும் பேருந்தின் பின்புறத்தில் மோதிவிடக் கூடாது என்பதற்காக, நிறுத்தத்தில் சாலையை இடப்புறம் உள்வாங்கி அகலப்படுத்துவோம். இதற்கு பஸ் பே என்று பெயர். ஊருக்கு வெளியே அது சரியான ஏற்பாடுதான். அதையே ஊருக்குள்ளும் கொண்டுவந்து போட்டதுதான் பிழை. ஊருக்குள் வெறுமையாகக் கிடக்கும் எந்த இடமும் காலையில் பூக்கடையாகவும் பகலில் ஆட்டோ நிறுத்தமாகவும் இரவில் டீக்கடை பெஞ்சாகவும் மாறிவிடும், அதில் வியப்பொன்றும் இல்லை. பேருந்து ஓட்டுநருக்கும் அந்த ஒதுக்கில் நுழைந்தால் மறுபடி சாலைக்குத் திரும்ப யாரும் வழிவிட மாட்டார்கள் என்று தெரியும், ஆகவே அவர் சாலையிலேயே நிறுத்துகிறார்.

ஊருக்குள் செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிரானது. பேருந்தை நடைபாதையிடம் இழுப்பதற்குப் பதிலாக, நிறுத்தம் இருக்கும் பதினைந்து இருபது மீட்டர் நீளத்துக்கு நடைபாதையைப் பேருந்து நிற்கும் கோடுவரை வெளியே நீட்டிவிட வேண்டும். அப்போது ஆட்டோ நிற்கவும் இடமில்லை, இருசக்கர வண்டி புகவும் இடைவெளி இல்லை, இறங்குபவர் நேரே மேடையில் கால் வைப்பார். பின்னால் வரும் வண்டிகள் பேருந்து புறப்படும்வரை இருபது வினாடியோ முப்பது வினாடியோ காத்திருக்க வேண்டும். ஐம்பது பேரை ஏற்றி வரும் வண்டிக்காக ஒரு கார் அரை நிமிடம் காத்திருப்பதில் என்ன தவறு என்று இப்போது தோன்றுகிறது. பணியில் இருந்தபோது இது எனக்குத் தோன்றவில்லை.

நடைபாதையின் அளவுகளும் ஏட்டில் இருக்கின்றன. தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலம், தலைக்கு மேலே 2.2 மீட்டர் உயரம், சாலையிலிருந்து மேடையின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்று சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்திருக்கிறது. நம் ஊர்களில் நடைபாதை என்று சொல்லப்படுவது பெரும்பாலும் வடிகாலின் மூடிதான். வடிகால் எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு உயரத்தில், முழங்கால் அளவுக்கு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஏறி இறங்குவதாக அது இருக்கும். நடுவில் ஒரு பலகைக்கல் உடைந்திருக்கும். அதன்மேல் ஒரு பாட்டி நடந்துபோவார் என்று நாங்கள் எதிர்பார்த்ததுண்டா என்று கேட்டால், இல்லை என்பதே நேர்மையான விடை.

சேதுப்பாதை வேன்

பதினெட்டு ஆண்டுகளாக யாத்திரிகர்களை ஏற்றி மதுரைக்கும் இராமேசுவரத்துக்கும் வேன் ஓட்டுகிறேன். இங்கே எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுவதால் மறுபக்கத்தையும் எழுதுகிறேன்.

ஐயா சொல்வதுபோல அரை நிமிடம் காத்திருப்பதில் எனக்குச் சிரமமில்லை. ஆனால் ஓட்டுநரை அடக்குவதற்கென்று ஊருக்கு ஊர் போடப்படும் வேகத்தடைகளைப் பாருங்கள். யாரோ ஓர் இரவில் தாரைக் கொட்டிக் குவித்துவிட்டுப் போகிறார்கள். வெள்ளைக் கோடு இல்லை, முன்னறிவிப்புப் பலகை இல்லை. இருட்டில் அதன்மேல் ஏறி, பின்னிருக்கையில் இருந்த முதியவர் தலை கூரையில் இடிக்க, பிரேக் போடும் எனக்குப் பின்னால் வருபவர் என் வண்டியில் வந்து மோதியிருக்கிறார். நடப்பவரைக் காப்பாற்றப் போட்ட தடை, மிதிவண்டிக்காரரையும் சேர்த்துக் கவிழ்க்கிறது.

இராமேசுவரம் ரத வீதிகளில் வண்டியே வரக்கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். எழுபது வயதில் ராஜஸ்தானிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வரும் அம்மாவைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டு, கோயிலுக்கு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நடந்து போங்கள் என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்?

பழைய சாலைக்காரர்

வேகத்தடை பற்றி ஓட்டுநர் சொல்வது முழுக்க முழுக்கச் சரி. விதிப்படியான வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மெல்லிய வளைவு. 40 மீட்டருக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும். அப்படிப் போட்டால் 25 கிலோமீட்டர் வேகத்தில் யாருக்கும் முதுகு வலிக்காமல் கடக்கலாம். நம் ஊர்களில் இருப்பது வேகத்தடை அல்ல, வரப்பு. என்னைக் கேட்டால், பள்ளிக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் எதிரே வேகத்தடையையும் நடப்போர் கடக்கும் வரிக்கோட்டையும் தனித்தனியாகப் போடாமல், கடக்கும் இடத்தையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திச் சரிவாக இணைத்துவிட வேண்டும். அப்போது நடப்பவர் சாலைக்கு இறங்க வேண்டியதில்லை. வண்டிதான் நடைபாதைமேல் ஏறி இறங்கிப் போகும். யார் யாருடைய இடத்தில் நுழைகிறார் என்பது ஓட்டுநரின் உடம்புக்கே தெரிந்துவிடும்.

வேகத்தைப் பற்றி ஒரு சிறு கணக்கு. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கும். குழந்தை ஓடிவருவதைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்கே ஒரு வினாடி ஆகும் என்பதால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே ஒரு பேருந்தின் நீளத்துக்கும் மேல் வண்டி போய்விடுகிறது. முப்பதில் அதே வினாடிக்கு 8 மீட்டர்தான். மோதும் ஆற்றலோ வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். முப்பதைவிட ஐம்பதில் அது இரண்டே முக்கால் மடங்கு. சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று கூடினால் உயிர்ப்பலி விபத்தின் வாய்ப்பு நூற்றுக்கு நான்கு கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இந்த அடிப்படையில்தான். ஊரைக் கடக்கும் இரண்டு கிலோமீட்டரை ஐம்பதுக்குப் பதில் முப்பதில் ஓட்டினால் ஓட்டுநருக்கு ஆகும் கூடுதல் நேரம் ஒன்றரை நிமிடம், அவ்வளவே.

தங்கச்சிமடத்து டீச்சர்

பதினோராம் வகுப்புக்கு அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டி எங்கள் பிள்ளைகளுக்கு வந்து சேருகிறது. அதில் வந்து சேரும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று நான் தினமும் காலையில் எண்ணுகிறேன். சைக்கிள் கொட்டகையில் பாதி இடம் காலியாகவே இருக்கிறது. பெற்றோரைக் கேட்டால், பெண்ணை அந்த ரோட்டில் எப்படி டீச்சர் அனுப்புவது என்கிறார்கள். வண்டியைக் கொடுத்துவிட்டோம், அது ஓடுவதற்கு வழி கொடுக்கவில்லை.

எங்கள் பகுதிக்கே உரிய ஒரு தொல்லையை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். சாலையோரத்து மண் தடத்தில் மிதிவண்டி ஓட்டலாம் என்றால், அதைச் சீமைக் கருவேலம் தின்றுவிட்டது. அதன் கிளைகள் வெள்ளைக் கோடுவரை சாய்ந்து நிற்பதால், பிள்ளைகள் தார்ச்சாலையின் நடுப்பக்கம் ஒதுங்கி ஓட்டுகிறார்கள். வளைவில் எதிரே வருவதும் தெரிவதில்லை. முள்ளோ டயரையும் டியூபையும் சேர்த்துத் துளைக்கும். வாரத்துக்கு ஒரு பஞ்சர் ஒட்டும் காசுக்குப் பயந்து சைக்கிளை வீட்டில் நிறுத்திய மாணவன் ஒருவனை எனக்குத் தெரியும். கோடிக்கணக்கில் செலவழித்துச் சிவப்பு வண்ணம் பூசிய சைக்கிள் பாதை எங்களுக்கு வேண்டாம். ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்குப் பின்னும் பள்ளி திறக்கும் முன்னும், இரு ஓரத்திலும் இரண்டு மீட்டர் அகலத்துக்குக் கருவேலத்தை வேரோடு எடுத்து, மண்ணைத் தட்டிக் கெட்டிப்படுத்திக் கொடுத்தாலே பெரிய காரியம்.

பாம்பன் சாலைப் பாலம் இன்னொரு கதை. 1988இல் அது திறக்கப்பட்டபோது இராமேசுவரம் தீவுக்கு முதன்முதலாகச் சாலை வந்தது. 2.3 கிலோமீட்டர் நீளம், இரண்டே தடம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் பக்கத்திலிருந்து வரும் வீச்சு, மிதிவண்டியை அப்படியே பக்கவாட்டில் தள்ளும். அந்த நேரத்தில்தான் சுற்றுலா வருபவர்கள் ரயில் பாலத்தைப் படம் பிடிப்பதற்காகக் காரைப் பாலத்தின் மேலேயே நிறுத்தியிருப்பார்கள். நின்ற காரைச் சுற்றி, காற்றுக்கு எதிராக, எதிரே வரும் பேருந்தைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். மீன் கூடையோடு சைக்கிளில் போகும் பெரியவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதைத்தான் பார்க்கிறேன்.

கொஞ்சம் சிரிக்கவும் எழுதுகிறேன். முதுகுளத்தூர் பக்கம் என் தாய்வீட்டுக்குப் போகும்போது, அறுவடைக் காலத்தில் சாலையின் ஒரு பாதியில் குண்டு மிளகாய் காயப் போட்டிருப்பார்கள். கார்கள் எல்லாம் பூனைபோல மெதுவாக ஒதுங்கிப் போகும். மிளகாய்மேல் ஏறிவிடக் கூடாது என்ற கவனத்தில் பாதியாவது சைக்கிளில் போகும் பிள்ளைமீது வைத்தால் போதும் என்று தோன்றும்.

கீழக்கரை லெப்பை

எங்கள் ஊரின் பழைய தெருக்களில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோளை ஒதுக்கிக்கொண்டுதான் போக வேண்டும். உயர்ந்த சுவர்கள் இரண்டு பக்கமும் இருப்பதால் நண்பகலிலும் நிழல் இருக்கும். அங்கே குழந்தைகள் விளையாடுகிறார்கள், பெண்கள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குத் தனியாகப் போய் வருகிறார்கள். அங்கே விபத்து என்று நான் கேள்விப்பட்டதில்லை. அகலமான வள்ளல் சீதக்காதி சாலைக்கு வந்தவுடன்தான் கையைப் பிடித்துக்கொள்கிறோம். எனவே, தெருவை அகலப்படுத்தினால் பாதுகாப்பு வரும் என்று யாராவது சொன்னால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. அகலமான இடத்தை வண்டி வேகத்தால் நிரப்பிக்கொள்கிறது.

ஒரு குறையும் உண்டு. அந்தச் சந்துகளிலும் இப்போது இருசக்கர வண்டிகள் ஹாரனை அழுத்தியபடியே நுழைகின்றன. நுழைவாயிலில் இரண்டு கல்தூண் நட்டால் நின்றுவிடும். ஆனால் ஆம்புலன்ஸ் வர வேண்டுமே, மையித்தை (இறந்தவரின் உடலை) தூக்கிப்போக வேண்டுமே என்று ஒவ்வொரு முறையும் பேச்சு நின்றுவிடுகிறது.

கேணிக்கரைக்காரன்

லெப்பை காக்கா (அண்ணே), கழற்றி மாட்டும் தூணைப் பற்றி யோசிக்கலாம். சாவி தெருவாசிகளிடமும் இருக்கட்டும். மையித்துக்கு வேண்டிய அகலம் எப்படியும் தூண்களுக்கு இடையில் இருக்கும், தடுக்க வேண்டியது வேகத்தைத்தான்.

வேன் அண்ணனுக்கு ஒரு பதில். இராமேசுவரத்தில் நடப்பதற்கென்றே கட்டப்பட்ட வழி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அது கோயிலின் மூன்றாம் பிராகாரம். கிழக்கு மேற்காக ஏறத்தாழ 690 அடி, தெற்கு வடக்காக 435 அடி. வெயில் படாது, மழை நனைக்காது, தளம் சமமாக இருக்கிறது, இருபுறமும் தூண்களின் மேடை. அண்ணன் அழைத்துவரும் எழுபது வயது அம்மா, அக்கினித் தீர்த்தத்தில் நீராடிவிட்டு, உள்ளே 22 தீர்த்தங்களுக்கும் ஈரச் சேலையோடு அலுக்காமல் நடக்கிறார். ஆகவே முதியவர்களால் நடக்க முடியாது என்பதல்ல சிக்கல். வெயிலில், மேடு பள்ளத்தில், ஹாரனுக்கு நடுவில் நடக்க முடியாது என்பதே சிக்கல். சேதுபதிகள் யாத்திரைப் பாதை நெடுகச் சத்திரங்கள் கட்டியதும் நடப்பவரை மனத்தில் வைத்துத்தான்.

புதுச்சேரியில் கடற்கரைச் சாலையை மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஏழரை வரை வண்டிகளுக்கு மூடுகிறார்கள். அங்கே கடைகள் அழிந்துவிடவில்லை, கூட்டம்தான் கூடியிருக்கிறது. ரத வீதிகளிலும் அப்படி நேரம் வகுத்து, நடக்க முடியாதவர்களுக்கு மட்டும் மின்கல வண்டிகளைத் தொடர்ச்சியாக ஓடவிட்டு, மற்ற வண்டிகளை வெளியே நிறுத்தினால், அண்ணனுக்கும் அந்த நெரிசலில் முன்னும் பின்னும் எடுக்கும் வேலை மிச்சமாகும் அல்லவா?

சேதுப்பாதை வேன்

மின்கல வண்டி ஐந்து நிமிடத்துக்கு ஒன்று உண்மையாகவே வந்தால் எனக்கு மறுப்பில்லை, தம்பி. தை அமாவாசையிலும் ஆடி அமாவாசையிலும் அது எங்கே போய் ஒளியும் என்பதுதான் என் கேள்வி. முதலில் அதை ஓட்டிக் காட்டிவிட்டுப் பிறகு எங்களை வெளியே நிறுத்தச் சொல்லுங்கள்.

சாலைத் தெரு வியாபாரி

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். நடைபாதை என்று பேச்சு வந்தாலே அடுத்த வாரம் கடைக்கு முன்னால் இருக்கும் படியை இடிக்க ஜேசிபி வரும், அதற்கடுத்த மாதம் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இடித்த இடத்தில் நடைபாதை வருவதில்லை, வண்டி நிறுத்துமிடம்தான் வருகிறது. கடைக்கு வெளியே சரக்கை வைப்பது தவறுதான், நானும் வைக்கிறேன். ஆனால் என் கடை முன்னால் காலை ஒன்பது மணிக்கு ஒரு காரை நிறுத்திவிட்டு மதுரைக்கு ரயிலில் போய் இரவு வந்து எடுப்பவரை யாரும் ஆக்கிரமிப்பாளர் என்று சொல்வதில்லையே? என் சரக்கு மூன்றடி, அவர் கார் பதினான்கடி.

தட்டு வைத்துப் பூ விற்கும் அக்காவையும் பனங்கிழங்கு விற்கும் பாட்டியையும் விரட்டித்தான் நடைபாதை வரும் என்றால் எனக்கு அது வேண்டாம். 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கும் இடம் ஒதுக்கச் சொல்கிறது. இரவு எட்டு மணிக்கு அவர்கள் விளக்கோடு உட்கார்ந்திருப்பதால்தான் அந்த வழியாகப் பெண்பிள்ளைகள் பயமில்லாமல் போகிறார்கள்.

பழைய சாலைக்காரர்

வியாபாரி சொல்வதை நான் மறுக்க மாட்டேன். 1.8 மீட்டர் என்பது தடையில்லாத வழிக்கான அளவு. அதற்கு வெளியே மரத்துக்கும் விளக்குக் கம்பத்துக்கும் தட்டுக்கடைக்கும் தனியாக ஒரு பட்டை விட வேண்டும் என்பதுதான் முறையான வடிவமைப்பு. அதற்கான இடம் கார் நிறுத்தும் பட்டையிலிருந்துதான் வர வேண்டும், வேறு எங்கிருந்தும் வராது. அங்கே பூவரசும் புங்கையும் நட்டால் உப்புக் காற்றையும் தாங்கும், நாலு வருடத்தில் நிழலும் தரும்.

பாம்பன் மீனவச்சி மகன்

அம்மா விடியற்காலை மூன்றரைக்குக் கரைக்குக் கிளம்புவார். தெருவிளக்கு இல்லாத அரைக் கிலோமீட்டரை நெடுஞ்சாலை ஓரமாகவே நடக்க வேண்டும். போன வருடம் ஒரு கூட்டத்தில், கூடையில் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள் என்று அறிவுரை சொன்னார்கள். ஒட்டினோம். மீன் ஏற்றும் வண்டியிலிருந்து ஒழுகிய ஐஸ் தண்ணீரில் வழுக்கிச் சறுக்கி வந்த லோடு ஆட்டோவுக்கு அந்தப் பட்டை தெரிந்து என்ன பயன்? விளக்குப் போட வேண்டியவர்களும் தண்ணீரை வடியவிடாமல் வண்டியை மூட வேண்டியவர்களும் எங்களிடம் பட்டை ஒட்டச் சொல்கிறார்கள்.

பேருந்து பற்றியும் ஒன்று. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அம்மாவுக்கு அது மாதம் பல நூறு ரூபாய் மிச்சம். ஆனால் கூடையைப் பார்த்ததும் நிறுத்தாமல் போகும் பேருந்தும் உண்டு. ஏறவிடாத பேருந்து இலவசமாக இருந்து என்ன? பின்பக்கம் இரண்டு இருக்கையை எடுத்துவிட்டு, கழுவக்கூடிய தளத்தோடு கூடை வைக்கும் இடம் ஒதுக்கினால் மற்றவர்களுக்கும் நாற்றம் இருக்காது.

தேவிபட்டினம் மூன்றுசக்கரம்

மூன்றுசக்கர வண்டியில் போகிறவன் நான். மேடை ஏற சரிவு வைத்தால் எங்களுக்கு வசதி என்று எல்லோரும் சொல்கிறார்கள், வைக்கவும் செய்கிறார்கள். அந்தச் சரிவின் அடியில் சரியாக ஒரு பைக் நிற்கும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடமும் பொதுப் போக்குவரத்தும் எங்களுக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்கிறது. கேணிக்கரையாரின் தாயார் இப்போது கணுக்காலில் கட்டோடு ஊன்றுகோல் பிடித்து நடப்பார் அல்லவா? அவரை ஒருநாள் உங்கள் தெருவில் நிதானமாக நூறு அடி நடக்கச் சொல்லி, எங்கெங்கே நிற்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பொறியாளரின் வரைபடத்தையும்விட அந்தக் குறிப்பு பயன்படும்.

பழைய சாலைக்காரர்

சட்டம் பற்றிப் பேச்சு வந்ததால், யாரிடம் கேட்பது என்பதை எழுதிவிடுகிறேன். நம் கடற்கரையில் குழப்பமே இதுதான். தார்ச்சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, வடிகாலும் விளக்கும் நகராட்சி அல்லது ஊராட்சியுடையது, நிழற்குடை யாராவது ஒரு சட்டமன்ற அல்லது நாடாளுமன்ற உறுப்பினரின் நிதியில் கட்டியது, பேருந்து போக்குவரத்துக் கழகத்துடையது, ஆட்டோ நிற்கும் இடம் காவல்துறை சொல்வது. அந்த நான்கடியைத் தன்னுடையது என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஆகவே ஒரே மனுவை எல்லோருக்கும் நகல் குறிப்பிட்டு அனுப்புங்கள். ஒருவர் மற்றவரைக் கைகாட்டும் கடிதம் உங்கள் கையில் கிடைத்தாலே அது ஒரு முன்னேற்றம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 112ஆம் பிரிவு, மாநில அரசோ அது அதிகாரம் அளித்த அலுவலரோ குறிப்பிட்ட பகுதிக்கு வேக வரம்பு வகுக்க இடம் தருகிறது. 2019 திருத்தத்தில் வந்த 198ஏ பிரிவு, வடிவமைப்புத் தரத்தைப் பின்பற்றாததால் சாவோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் என்கிறது. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், தடையில்லாத நடைபாதை அரசியல் சட்டத்தின் 21ஆம் உறுப்பு தரும் வாழும் உரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. மனுவின் முதல் பத்தியில் இதை எழுதுங்கள். அபராதம் யாரும் கட்டியதை நான் பார்த்ததில்லை என்றாலும், பிரிவு எண்ணைக் கண்டால் கோப்பு கொஞ்சம் நகரும். இது அனுபவத்தில் சொல்வது.

நகராட்சிக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. கருவேலம் எடுப்பது, விளக்கு, நிழற்குடையின் இடம் ஆகியவற்றைத் தீர்மானமாகவே எழுத வைக்கலாம். இன்னொன்று: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக் காலத்தில் கரையோரத் தெருக்களில் மீன் வண்டிகள் குறைவு, தோண்டுவது, கல் பதிப்பது எல்லாம் அப்போது செய்தால் யாருக்கும் பிழைப்பு கெடாது.

கீழக்கரை லெப்பை

நிறைய யோசனை சேர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. ஒரே ஒரு நிறுத்தத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

கேணிக்கரைக்காரன்

காக்கா சொல்வதையே செய்வோம். என் தாயார் விழுந்த நிறுத்தத்தை எடுத்துக்கொள்கிறேன். வரும் ஞாயிறு காலை ஆறரைக்குச் சுண்ணாம்புப் பொடி, அளவு நாடா, பழைய கோணிப்பைகளில் மண் ஆகியவற்றோடு வருகிறேன். காவல்துறையில் முன்கூட்டியே சொல்லி அனுமதி கேட்டிருக்கிறேன், வாய்மொழியாகச் சரி என்றிருக்கிறார்கள். பழைய சாலைக்காரர் ஐயா வந்தால், நடைபாதையை எதுவரை நீட்டலாம் என்று கோடு போட்டுக் காட்டட்டும். அந்தக் கோட்டில் மண் மூட்டைகளை அடுக்கி, இரண்டு மணி நேரம் பேருந்துகள் எங்கே நிற்கின்றன, பின்னால் எத்தனை வண்டிகள் எவ்வளவு நேரம் காத்திருக்கின்றன என்று டீச்சரின் மாணவர்கள் எழுதிக்கொள்ளட்டும். ஆட்டோக்காரர்களிடம் நேற்றுப் பேசினேன். எதிர்ப்பக்கம் தண்ணீர்த் தொட்டியின் அருகே இடம் கொடுத்தால் நகர்வதற்குத் தயார் என்கிறார்கள். அந்த இடத்தில் இப்போது குப்பைத் தொட்டி இருக்கிறது.

சேதுப்பாதை வேன்

ஞாயிறு காலை எனக்குச் சவாரி இல்லை. மண் மூட்டைகளை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறேன். எத்தனை மூட்டை?

பழைய சாலைக்காரர்

பதினெட்டு மீட்டர் நீளம், மூட்டைக்கு இரண்டடி வைத்தால் முப்பது போதும். அம்மாவையும் ஒரு நாற்காலியோடு அழைத்து வாருங்கள், தம்பி. பேருந்து படி எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.